தத்ரூபம் வேறு, யதார்த்தம் வேறு: குஸ்தாவ் கூர்பே பற்றி

கேட்டிருப்பது இதுதான்: யதார்த்த ஓவியம் என்றால் போட்டோ மாதிரி அச்சு அசலாக வரைவதுதானே? அப்படியென்றால், பூச்சு கரடுமுரடாகவும் ஆட்கள் வரிசையாக ஒட்டிவைத்த மாதிரியும் தெரிகிற பிரெஞ்சு ஓவியர் குஸ்தாவ் கூர்பேயை ஏன் யதார்த்தவாதத்தின் முதல் ஆள் என்கிறார்கள், அவர் வாழ்க்கைதான் என்ன?

முதலில் சொல்லில் இருக்கிற சிக்கலை அவிழ்த்துவிடுகிறேன். நம் ஊரில் ஒரு படம் பிடித்துவிட்டால் உடனே வாயில் வருகிற வார்த்தை "தத்ரூபம்". திராட்சைக் கொத்து, பட்டுப்புடவையின் சரிகை, பித்தளைக் குடத்தில் விழுகிற வெளிச்சம், எல்லாம் அப்படியே கையால் தொடலாம் போல இருக்கிறது என்போம். அது கைத்திறன். அந்தத் திறன் கூர்பே பிறப்பதற்குச் சில நூற்றாண்டுகளுக்கு முன்பே ஐரோப்பாவில் உச்சத்தைத் தொட்டாகிவிட்டது. 1850 வாக்கில் பாரிஸில் கலைக்கழகப் பயிற்சி பெற்ற எந்த ஓவியரும் ஒரு தேவதையின் இறகைக்கூடத் தத்ரூபமாக வரைந்துவிடுவார். கூர்பேக்கு அந்தத் தேவதையோடுதான் சண்டை. தேவதையை நான் பார்த்ததில்லை, காட்டுங்கள் வரைகிறேன் என்று அவர் சொன்னதாக ஒரு வாசகம் அவர் பெயரில் ஊர் ஊராகச் சுற்றுகிறது. பார்த்ததை மட்டும் வரைவேன் என்பது அதில் பாதி. யாரைப் பார்த்தார், அவர்களுக்கு எவ்வளவு பெரிய இடம் கொடுத்தார் என்பது மீதிப் பாதி. என்னைக் கேட்டால் இரண்டாவதுதான் முக்கியம்.

அந்தக் காலத்து ஓவிய உலகில் ஒரு படிநிலை இருந்தது. உச்சியில் வரலாறு, புராணம், பைபிள் கதைகள். இவற்றுக்குத்தான் சுவரை அடைக்கிற பெரிய கித்தான். உழவர், சமையற்காரி, சாராயக்கடை போன்ற அன்றாடக் காட்சிகளுக்குச் சிறிய சட்டம், வீட்டு வரவேற்பறையில் மாட்டிக்கொள்கிற அளவு, பார்ப்பவர் லேசாகப் புன்னகைத்துவிட்டு நகரலாம். யாரும் சட்டமாக எழுதிவைத்த விதியில்லை, ஆனால் எல்லோருக்கும் தெரியும். அரசு ஆதரவில் நடந்த 'சலோன்' என்கிற பெரிய கண்காட்சியில் இடம் கிடைத்தால்தான் ஓவியருக்குப் பிழைப்பு, அங்கே எதை ஏற்பது எதைத் தள்ளுவது என்று முடிவு செய்ய நடுவர் குழு ஒன்று உட்கார்ந்திருக்கும்.

கூர்பே பிறந்தது 1819 ஜூன் 10, சுவிட்சர்லாந்து எல்லைக்குப் பக்கத்தில் ஓர்னான் என்ற சிற்றூரில். சுண்ணாம்புக்கல் மலைகள், நடுவில் லூ என்கிற ஆறு. அப்பா ரெஜிஸ், நிலபுலன் உள்ள விவசாயி; பக்கத்துக் கிராமமான ஃப்ளாஜேயில் வீடும் பண்ணையும். அதாவது ஏழைக் குடும்பமில்லை, ஆனால் பாரிஸ்காரர்கள் கண்ணுக்குப் பட்டிக்காட்டான். மகன் சட்டம் படித்து வக்கீலாவான் என்று அப்பா நம்பினார், 1839-ல் பாரிஸ் போன மகனோ லூவ்ர் அருங்காட்சியகத்தில் போய் ஸ்பானிய, டச்சு ஓவியர்களைப் பார்த்துப் பார்த்து நகலெடுத்துக்கொண்டிருந்தான். பெரிய ஆசிரியரிடம் முறையாகப் பாடம் கேட்டவரில்லை, தானே கற்றவன் என்று சொல்லிக்கொள்வதில் அவருக்குப் பெருமை அதிகம். 1841 முதல் 1847 வரை சலோனுக்கு இருபதுக்கும் மேற்பட்ட படங்கள் அனுப்பி, ஏற்றுக்கொள்ளப்பட்டவை மூன்றே மூன்று.

அந்த வயதில் அவர் வரைந்தது பெரும்பாலும் தன் முகத்தைத்தான். தலையைப் பிடித்துக்கொண்டு கண்களை அகல விரித்திருக்கும் இளைஞன் படம் இணையத்தில் எங்கு பார்த்தாலும் கிடைக்கும், அது அவர்தான். 'காயம்பட்டவன்' என்றொரு படமும் உண்டு: மரத்தடியில் சாய்ந்து கிடக்கிறார், நெஞ்சில் ரத்தம். அந்தப் படத்தை எக்ஸ்ரே எடுத்துப் பார்த்தபோது அடியில் ஒரு பெண் அவர் தோளில் சாய்ந்திருப்பது தெரிந்தது. விர்ஜினி பினே என்ற பெண்ணோடு அவர் வாழ்ந்தார், ஒரு மகனும் பிறந்தான், பிறகு விர்ஜினி மகனோடு பிரிந்து போய்விட்டார். கூர்பே பெண் இருந்த இடத்தில் வாளையும் நெஞ்சில் காயத்தையும் வரைந்து சேர்த்தார். கண்ணால் பார்த்ததை மட்டுமே வரைவேன் என்றவர் தன் துக்கத்தை மட்டும் இப்படி மறைத்து வைத்திருக்கிறார். இதைத் தெரிந்துகொண்ட பிறகு என்னால் அந்தப் படத்தைப் பழையபடி பார்க்க முடிவதில்லை.

1848-ல் புரட்சி வந்தது, மன்னராட்சி போனது, ஆண்கள் எல்லோருக்கும் வாக்குரிமை கிடைத்தது. கலையிலும் கதவு கொஞ்சம் திறந்தது. அடுத்த ஆண்டு சலோன் நடுவர்களை ஓவியர்களே தேர்ந்தெடுத்தார்கள். அங்கே 'ஓர்னானில் சாப்பாட்டுக்குப் பிறகு' என்ற படத்துக்குக் கூர்பே தங்கப் பதக்கம் வாங்கினார், அரசே படத்தை விலைக்கு வாங்கிக்கொண்டது. பதக்கத்தோடு வந்த இன்னொரு சலுகைதான் பெரிய விஷயம்: இனி சில ஆண்டுகளுக்கு அவர் படங்களை நடுவர்கள் பரிசீலிக்கவே முடியாது, அனுப்பினால் மாட்டித்தான் ஆக வேண்டும். இந்தச் சலுகை கையில் இல்லாமல் போயிருந்தால் அடுத்து அவர் செய்ததை யாரும் உள்ளே விட்டிருக்க மாட்டார்கள்.

அடுத்து அவர் செய்தது: ஊருக்குத் திரும்பிப் போய் 1849-50-ல் இரண்டு படங்கள் வரைந்தார்.

முதலாவது 'கல் உடைப்பவர்கள்'. குதிரை வண்டியில் போய்க்கொண்டிருந்தபோது சாலையோரத்தில் ஜல்லி உடைத்துக்கொண்டிருந்த இரண்டு பேரைப் பார்த்து வண்டியை நிறுத்தி, மறுநாள் பட்டறைக்கு வரச் சொன்னார். நண்பருக்கு எழுதிய கடிதத்தில் அவர்களை அங்குலம் அங்குலமாக விவரிக்கிறார்: எழுபது வயதுக் கிழவர், வெயிலில் கருத்த முகம், ஒட்டுப்போட்ட கால்சட்டை, வெடித்த மரச்செருப்பு, ஒருகாலத்தில் நீலமாக இருந்த காலுறையில் குதிகால் தெரிகிறது. பக்கத்தில் தலையெல்லாம் தூசி படிந்த பையன், கிழிந்த சட்டைக்குள் விலாவும் கையும் தெரிகின்றன. இந்தத் தொழிலில் ஒருவன் அந்தப் பையனைப் போலத் தொடங்கி அந்தக் கிழவரைப் போல முடிகிறான் என்று அதே கடிதத்தில் வருந்துகிறார். படத்தில் இரண்டு பேர் முகமும் நமக்குத் தெரியாது, கிழவர் முகம் தொப்பி நிழலில், பையன் நமக்கு முதுகு காட்டிக்கொண்டு. முகம் தெரிந்திருந்தால் நாம் "ஐயோ பாவம்" என்று சொல்லிவிட்டுப் போயிருப்போம். முகம் இல்லாததால் பாரம் தூக்குகிற கை, முட்டிபோட்ட கால், கல், இவற்றை மட்டுமே பார்த்தாக வேண்டியிருக்கிறது. அரசியல் சிந்தனையாளர் புரூதோன் அதே வட்டாரத்துக்காரர், கூர்பேயின் நண்பர். இந்தப் படத்தைப் பார்த்த கிராமத்து உழவர்கள் இதைத் தங்கள் தேவாலயத்துப் பீடத்தின் மேல் வைக்க ஆசைப்பட்டதாக அவர் எழுதியிருக்கிறார்.

இரண்டாவது, 'ஓர்னானில் ஒரு அடக்கம்'. இதுதான் எல்லாவற்றுக்கும் மையம். கைபேசித் திரையில் இதைப் பார்ப்பது பார்க்காததற்குச் சமம் என்று எனக்குத் தோன்றும். அளவு 315 சென்டிமீட்டருக்கு 660. மொட்டை மாடியில் ஒரு சாக்பீஸ் எடுத்துப் பத்தடிக்குச் சற்று மேல் ஒரு பக்கம், 22 அடிக்குச் சற்றுக் குறைவாக இன்னொரு பக்கம் என்று கோடு போட்டுப் பாருங்கள், ஒரு மினி பேருந்தின் பக்கவாட்டையே மறைத்துவிடும். அதில் நாற்பதுக்கும் மேற்பட்டவர்கள், எல்லோரும் ஆள் உயரத்தில். அந்த அளவு முடிசூட்டு விழாவுக்கும் போர்க்கள வெற்றிக்கும் உரியது. இங்கே நடப்பதோ ஒரு சிற்றூரில் சாதாரண மனிதர் ஒருவரின் அடக்கம். இறந்தவர் யார் என்பதுகூடப் படத்தில் இல்லை (கூர்பேயின் தாய்வழிச் சொந்தக்காரர் ஒருவர் என்று ஆய்வாளர்கள் சொல்கிறார்கள்). மேலே வானத்தில் ஒளி இல்லை, ஆத்மாவை ஏந்திப் போக தேவதைகள் இல்லை, மலை உச்சியும் சாம்பல் நிற வானமும்தான். பாதிரியார் புத்தகத்தைப் பார்க்கிறார், சிவப்பு அங்கி போட்ட தேவாலயப் பணியாளர்கள் மூக்கும் சிவந்து நிற்கிறார்கள், வெட்டியான் ஒரு காலில் மண்டியிட்டபடி வேலை எப்போது முடியும் என்பதுபோல் நிமிர்ந்து பார்க்கிறார். நாய் ஒன்று வேறெங்கோ பார்க்கிறது. வலப்பக்கம் கறுப்பு உடைப் பெண்கள், கைக்குட்டையில் முகம் புதைத்தபடி. ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் ஒரு பக்கம். துக்க வீட்டில் நிற்பதுபோலவே இருக்கிறது இல்லையா?

இவர்கள் எல்லோரும் நிஜ ஊர்க்காரர்கள். ஊர்த்தலைவர், பாதிரியார், திராட்சைத் தோட்டக்காரர்கள், கூர்பேயின் அம்மா, தங்கைகள், ஏற்கனவே இறந்துபோன தாத்தாகூட இடது ஓரத்தில் இருக்கிறார். நான் எப்போது என்னை எப்போது என்று ஆளாளுக்கு வந்து நின்றார்கள், யாரையும் விட மனமில்லை என்கிற பொருளில் கூர்பே எழுதியிருக்கிறார். ஆட்கள் வரிசையாக ஒட்டிவைத்த மாதிரி என்று நீங்கள் சொன்னது சரிதான், ஆனால் அது கைத்திறன் குறைவால் வந்தது என்று நான் நினைக்கவில்லை. வழக்கமான பெரிய படத்தில் நடுவில் நாயகன் இருப்பான், மற்றவர்கள் அவனை நோக்கிச் சாய்ந்திருப்பார்கள், வெளிச்சமும் அவன் மேல் விழும். இங்கே நாயகன் யாரும் இல்லை, ஒருவருக்கு இன்னொருவர் மேலே இல்லை, எல்லாருக்கும் ஒரே உயரம், ஒரே வெளிச்சம். நடுவில் இருப்பது குழி, அதுவும் படத்தின் அடி ஓரத்தில் அறுபட்டு நிற்கிறது, அதாவது மிச்சக் குழி பார்ப்பவர் காலடியில்.

படங்களை முதலில் ஓர்னானில் ஊர்க்காரர்களுக்குக் காட்டினார், பிறகு பெசான்சோன் நகரில் கட்டணம் வைத்துக் காட்டினார். 1850 டிசம்பர் கடைசியில் சலோன் திறந்தபோதுதான் வெடித்தது. அசிங்கத்தை வழிபடுகிறான், வேண்டுமென்றே கோரமாக வரைகிறான், சோஷலிஸ்ட் என்றெல்லாம் எழுதினார்கள். மனிதர்கள் அப்படியொன்றும் அவலட்சணம் இல்லை, பார்த்தால் தெரியும். ஆனால் இரண்டு ஆண்டுகளுக்கு முன்புதான் புரட்சியைப் பார்த்துப் பயந்துபோயிருந்த பாரிஸ் செல்வந்தர்களுக்கு, புதிதாக ஓட்டு வாங்கிய கிராமத்தான் ஆள் உயரத்தில், தொப்பியைக் கழற்றிக் கும்பிடு போடாமல், சுவர் முழுக்க வரிசையாக வந்து நிற்பது வேறு எதையோ ஞாபகப்படுத்தியது. அதே சலோனில் ஓவியர் மில்லேயின் 'விதைப்பவன்' படமும் இருந்தது. மில்லேயின் உழவர்களிடம் ஒரு பக்தி வாசனை உண்டு, பார்ப்பவர் மனம் இளகிவிடும். கூர்பேயின் ஆட்கள் அந்த ஆறுதலையும் தருவதில்லை.

சரி, கரடுமுரடான பூச்சுக்கு வருகிறேன். அவர் கித்தானை முதலில் அடர் பழுப்பு, கறுப்பு நிறத்தில் பூசிவிடுவார், அதன் மேல் இருட்டிலிருந்து வெளிச்சத்துக்கு ஏறி வருவார். வெளிச்சம் இல்லாவிட்டால் இயற்கையே இருட்டுதானே, துருத்தி நிற்பதை வெளிச்சம் தொடுகிறது, நானும் அதையேதான் செய்கிறேன் என்பது அவர் விளக்கம். தூரிகையோடு வண்ணம் குழைக்கிற கத்தியையும் எடுத்து, வண்ணத்தை அப்பி, இழுத்து, சுரண்டி வேலை செய்வார். கொத்தனார் கரண்டியால் சுவர் பூசுகிற மாதிரி என்று விமர்சகர்கள் கேலி செய்தார்கள். பாறையை வரையும்போது அந்தப் பூச்சே பாறை மாதிரி சொரசொரப்பாகிவிடும், லூ ஆறு குகையிலிருந்து வெளிவருகிற இடத்தை அவர் வரைந்த 1864-ஆம் ஆண்டுப் படங்களில் இதைப் பார்க்கலாம். 1869-ல் எத்ரெத்தா கடற்கரையில் அவர் வேலை செய்ததை எழுத்தாளர் மாப்பசான் நேரில் பார்த்து எழுதியிருக்கிறார்: வெறும் அறை, பருத்த, அழுக்கேறிய ஒரு மனிதர், சமையலறைக் கத்தியால் வெள்ளை வண்ணத்தைக் கித்தானில் அப்புகிறார், அவ்வப்போது ஜன்னலில் முகத்தை வைத்துப் புயலைப் பார்க்கிறார், அலை தெறித்து ஜன்னல் கண்ணாடியில் அடிக்கிறது. அங்கே பிறந்த அலைப் படங்களில் நீரின் எடை தெரியும். தத்ரூபமாக வரைகிறவருக்கு நீரின் பளபளப்பு கிடைக்கும், எடை கிடைப்பது அபூர்வம்.

1853-ல் அரசின் கலைத்துறைத் தலைவர் நியூவெர்கெர்க் அவரை விருந்துக்கு அழைத்து, 1855 உலகக் கண்காட்சிக்கு ஒரு பெரிய படம் வரையுங்கள், முன்வரைவை மட்டும் எங்களிடம் காட்டிவிடுங்கள் என்றார். நானும் ஒரு அரசாங்கம்தான் என்று பதில் சொல்லிவிட்டு வந்தார் கூர்பே. 1855-ல் நடுவர் குழு அவர் அனுப்பிய 14 படங்களில் 11-ஐ ஏற்றுக்கொண்டது, 'அடக்கம்' படத்தையும் புதிதாக வரைந்த 'ஓவியரின் பட்டறை'யையும் தள்ளியது. இவர் என்ன செய்தார் தெரியுமா? கண்காட்சிக்குப் பக்கத்திலேயே இடம் பிடித்து, சொந்தமாகக் கொட்டகை கட்டி, "யதார்த்தவாதம்" என்று பலகை மாட்டி, நாற்பது படங்களை வைத்து ஒரு ஃபிராங்க் நுழைவுக் கட்டணம் போட்டார். கூட்டம் வரவில்லை, கட்டணத்தைப் பாதியாகக் குறைத்தும் வரவில்லை. ஆனால் அப்போது உச்சத்தில் இருந்த ஓவியர் தெலக்ருவா ஒருநாள் வந்து, ஏறக்குறைய ஒரு மணி நேரம் தனியாக நின்று பார்த்துவிட்டு, தள்ளப்பட்ட 'பட்டறை'யை மகத்தான படைப்பு என்று தன் நாட்குறிப்பில் எழுதிவைத்தார். அந்தக் கண்காட்சிக் கையேட்டின் முன்னுரைதான் யதார்த்தவாத அறிக்கை என்று பின்னால் பேர் பெற்றது. தன் காலத்தின் பழக்கங்களையும் எண்ணங்களையும் தோற்றத்தையும் தன் பார்வையில் தருவது, ஓவியனாக மட்டுமல்லாமல் மனிதனாகவும் இருப்பது, உயிருள்ள கலையைச் செய்வது, சாரம் இவ்வளவுதான். ஓவியர் தன் செலவில் தனிக் கண்காட்சி நடத்துவது இன்று சாதாரணம், அன்று அது பெரிய துணிச்சல். ஓவியர் மானேயும் பின்னால் வந்த இம்ப்ரெஷனிஸ்ட் ஓவியர்களும் அந்த வழியில்தான் நடந்தார்கள்.

1860-களில் அவருக்குப் பணமும் பெயரும் வந்தன. வேட்டைக் காட்சிகள், மான்கள், நிர்வாணப் படங்கள், கடற்கரைகள் என்று நிறைய விற்றார். எல்லாம் நல்ல படங்கள் என்று சொல்ல மாட்டேன், வாங்க ஆள் இருக்கிறது என்பதற்காக வரைந்தவை அதில் உண்டு. தற்பெருமையும் அவருக்குக் கொஞ்சநஞ்சமில்லை. ஆனால் 1870 ஜூனில் அரசு லீஜியன் ஆஃப் ஹானர் விருதை அறிவித்தபோது வேண்டாம் என்று அமைச்சருக்குப் பகிரங்கக் கடிதம் எழுதினார். எனக்கு ஐம்பது வயது, இதுவரை சுதந்திரமாக வாழ்ந்துவிட்டேன், அப்படியே முடித்துக்கொள்ள விடுங்கள், இவன் எந்தப் பள்ளிக்கும் எந்தத் தேவாலயத்துக்கும் எந்த நிறுவனத்துக்கும் சொந்தமானவன் இல்லை, சுதந்திரத்தின் ஆட்சிக்கு மட்டுமே சொந்தமானவன் என்று நான் செத்த பிறகு சொல்லட்டும் என்று அதில் கேட்டிருந்தார்.

அப்புறம்தான் வாழ்க்கை கவிழ்ந்தது. சில வாரங்களில் பிரஷ்யாவோடு போர், செப்டம்பரில் மூன்றாம் நெப்போலியன் ஆட்சி விழுந்தது. பாரிஸின் கலைச் செல்வங்களைப் பாதுகாக்கும் குழுவுக்குக் கூர்பே தலைவரானார். பாரிஸ் நடுவில் வாந்தோம் சதுக்கத்தில் முதலாம் நெப்போலியன் தன் போர் வெற்றிக்காக, எதிரிகளிடம் பிடித்த பீரங்கிகளை உருக்கிச் செய்த வெண்கலத் தூண் ஒன்று நின்றது. அதைக் கழற்றி எடுத்துவிட வேண்டும் என்று கூர்பே அரசுக்கு மனு கொடுத்தார். அடுத்த ஆண்டு பாரிஸ் மக்கள் கிளர்ந்தெழுந்து நகர ஆட்சியைத் தாங்களே கையிலெடுத்த பாரிஸ் கம்யூன் ஏற்பட்டது. தூணை இடிக்கும் ஆணை 1871 ஏப்ரல் 12-ல் வந்தது, கூர்பே கம்யூனுக்குத் தேர்வானது நான்கு நாள் கழித்து ஏப்ரல் 16-ல். தூண் மே 16-ல் கயிறு கட்டி இழுத்துச் சாய்க்கப்பட்டது. இந்தத் தேதிகளைப் பார்த்து அவர் முழுக்க அப்பாவி என்பவர்களும் உண்டு. எனக்கு அப்படித் தோன்றவில்லை, அந்தத் தூணை அவர் மனதார வெறுத்தார், அதை ஒளித்ததும் இல்லை. ஆனால் முடிவெடுத்தது அவர் இல்லை, அவரை மட்டும் பொறுப்பாளியாக்கியது அநியாயம்.

கம்யூன் ரத்தத்தில் நசுக்கப்பட்டது. ஜூனில் கைதானார், ஆறு மாதச் சிறை, 500 ஃபிராங்க் அபராதம். சிறையிலும் பிறகு சிகிச்சைக்காக இருந்த இடத்திலும் தங்கைகள் கொண்டுவந்து கொடுத்த பழங்களையும் பூக்களையும் வரைந்தார். 1873-ல் ஆட்சி மாறியதும் தூணைத் திரும்ப நிறுத்தும் செலவு முழுவதையும் கூர்பேதான் கட்ட வேண்டும் என்று தீர்மானமானது. சொத்துகள் முடக்கப்பட்டன. ஜூலை 23-ல் எல்லை தாண்டி சுவிட்சர்லாந்துக்குப் போய், ஜெனீவா ஏரிக் கரையில் லா தூர் தெ பெய்ல் என்ற ஊரில் தங்கினார். அதன் பிறகு ஊருக்குத் திரும்பவே இல்லை.

சிறைக்குப் பிறகு, நாட்டை விட்டுப் போவதற்கு முன் வரைந்ததில் என்னை விடாமல் பிடித்துவைத்திருப்பது ஒரு மீன். லூ ஆற்று டிரவுட் மீன், தூண்டில் வாயில் மாட்டி, கரைக் கல்லின் மேல் கிடக்கிறது, செவுளில் ரத்தம். மீன் படம் என்றால் சாப்பாட்டு மேசையில் தட்டில் வைத்ததாக இருக்கும். இது இன்னும் சாகவில்லை, கண் திறந்திருக்கிறது, நம்மைவிடப் பெரிய உருவம்போலச் சட்டம் முழுக்க நிறைந்து கிடக்கிறது. இதன் ஒரு பிரதியில் கையெழுத்தோடு "கைவிலங்கில் இருந்தபடி செய்தது" என்று லத்தீனில் எழுதியிருக்கிறார். உண்மையில் சிறையிலிருந்து வெளிவந்த பிறகு வரைந்ததுதான், ஆனால் அவர் மனதுக்குள் இன்னும் வெளியே வரவில்லை.

நாடுகடந்த வாழ்க்கையில் குடி அதிகமானது. பணத் தேவைக்காக உதவியாளர்களை வைத்து நிலக்காட்சிகளாகத் தயாரித்தார், அதனாலேயே அவர் பெயரில் இன்றும் ஏகப்பட்ட சந்தேகப் படங்கள் சுற்றுகின்றன. 1877-ல் தொகை முடிவானது: 3,23,091 ஃபிராங்க், 68 சென்டிம். ஆண்டுக்கு 10,000 வீதம் தவணை, கட்டி முடிக்க முப்பது ஆண்டுகளுக்கு மேல் ஆகும், அதாவது தொண்ணூறு வயதைத் தாண்டும்வரை. முதல் தவணை 1878 ஜனவரி 1-ல் கட்ட வேண்டும். ஈரல் கெட்டு, உடம்பெல்லாம் நீர் கோத்து, டிசம்பர் 31-ல் இறந்தார். வயது 58. அப்பா ரெஜிஸ் வந்து கூடவே இருந்தார்.

அங்கேயே புதைத்தார்கள். பிறந்து நூறாண்டு ஆனபோது, 1919-ல், எச்சங்களை ஓர்னானுக்குக் கொண்டுவந்து அதே ஊர்க் கல்லறையில் வைத்தார்கள். 'கல் உடைப்பவர்கள்' இப்போது இல்லை, டிரெஸ்டன் அருங்காட்சியகத்தின் சொத்தாக இருந்து 1945 பிப்ரவரி குண்டுவீச்சில் அழிந்துபோனது, நாம் பார்ப்பது பழைய புகைப்படங்களைத்தான். 'அடக்கம்' பாரிஸ் ஓர்சே அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அதை 1881-ல் அரசுக்குக் கொடுத்தவர் கூர்பேயின் கடைசித் தங்கை ஜூலியெத். படத்தின் வலப்பக்கம் கறுப்பு உடையில் நிற்கிற பெண்களில் அவரும் ஒருவர்.